மதினி நம்பிய வரி

மதினி,

திங்கட்கிழமை காலை பிரஸ்ஸுக்குள் நுழைந்தபோது என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. ஆர்டர் கொடுக்க வந்த பார்ட்டி மாதிரிக்கு விட்டுப் போனது. சரக்கைப் பார்த்துவிட்டு டிசைன் போடட்டும் என்று முதலாளி எடுத்து வைத்திருந்தார். ஓரத்தை நறுக்கினேன். காய்ந்த ஆவாரம்பூ. எந்நேரமும் மையும் மண்ணெண்ணெயும் மணக்கிற அந்த அறையில் அது மட்டும் தனியாக எழுந்து வந்தது. உங்கள் முந்தானையில் இருந்த வாசனை. பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய், பேப்பர் இறக்கிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தபடி நின்றேன். 

இன்று ஞாயிறு. சமையல் முடித்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. உங்களிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழுங்கிவிட்டேன். அதை இப்போது எழுதப் பார்க்கிறேன்.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தீர்கள். நான் கல்யாணம் வேண்டாமென்று உங்கள் வீட்டோடு தங்கிவிட்டதில் ஊருக்கெல்லாம் குறை இருந்தது, உங்களுக்கு இருந்ததில்லை. “இருக்கட்டும், எனக்கும் பேச ஆள் வேணும்ல” என்றீர்கள். வார நாளில் நமக்குப் பேச எங்கே நேரம்? விடிந்ததும் அண்ணன் ஓட்டுகிற கம்பெனி வேனில் நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலைக்கு நீங்கள் போவீர்கள். நான் சிவகாசி பஸ்ஸைப் பிடிப்பேன். நம் பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டம் அணைக்கரையில்தான் நடந்தது. மழை முடிந்த மாதங்களில் அங்கே ஆவாரஞ்செடி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பனி காய்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும், ஈரத்தோடு பறித்தால் பூ கறுத்துப்போகும் என்பீர்கள். மொட்டைத் தொட விடமாட்டீர்கள். மஞ்சப்பை நிறைந்ததும் கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பீர்கள். வாரம் முழுவதும் வெடிமருந்துப் பொடியைப் பார்த்த கண்ணுக்கு அது வேண்டியிருந்திருக்கும்.

அப்போது நமக்குப் பூ என்றால் ருசிதான். வேப்பம்பூவை நெய்யில் வறுத்துச் சோற்றில் பிசைவீர்கள். முருங்கைப்பூவைப் பாசிப்பருப்போடு வதக்குவீர்கள். வாழைப்பூவை ஆயும்போது என் கையெல்லாம் கறை பிடித்துவிடும், உங்கள் கை மட்டும் மோர்த்தண்ணீரில் முங்கிச் சுத்தமாக வெளியே வரும். வேலியில் படர்ந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. டம்ளரில் நீலமாக இறங்கியிருந்தது. எலுமிச்சம்பழத்தை ஒரு சொட்டுப் பிழிந்தீர்கள். நீலம் கத்தரிப்பூ நிறமாக மாறியது.

“ஏ பிள்ள, இங்கன பாரு! எங்க கம்பெனியில அம்புட்டு மருந்தக் கலந்தாத்தான் இந்தக் கலரு வரும். இது சும்மா வருது!”

சிரித்தபடி பாதியை எனக்குத் தந்தீர்கள். அதனால் என்ன நோய் தீரும் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “நாக்குக்குப் பிடிச்சிருக்கா? அப்பம் குடி” என்றீர்கள். நம் பூவெல்லாம் அப்படியே இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சர்க்கரை இருப்பது தெரிந்தபோது உங்களுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். நீங்கள் ஒழுங்காகப் போட்டுத்தான் வந்தீர்கள். ஆனால் அது உங்கள் வயிற்றைக் கலக்கியது. வேலை நேரத்தில் நாலைந்து முறை எழுந்து போக வேண்டியிருந்தது. பூச்சட்டி வெடிக்கு மருந்து கெட்டிக்கிற வேலை, எண்ணிக்கைக் கணக்கில் கூலி. எழுந்து போனால் பின்தங்கிவிடுவீர்கள். கழிப்பறையும் ஷெட்டிலிருந்து எட்டக் கிடந்தது. “மத்தவ எல்லாம் என்னையவே பாக்காளுக, பிள்ள. வெக்கமா இருக்கு” என்று ஒருநாள் சொன்னீர்கள். டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை கேட்கலாமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால்தான் பிரஸ்ஸுக்கு அந்த பார்ட்டி வந்தது. மூலிகைத் தேநீர் விற்கிறவர். ஆவாரம்பூ, செம்பருத்தி, தாமரை இதழ், சங்குப்பூ எல்லாம் காயவைத்துப் பொட்டலம் போடுகிறார். ஒவ்வொரு பூவும் எதற்கு நல்லது என்று ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும். கையால் எழுதிக் கொடுத்த தாளில் எல்லாம் இருந்தது: ஆவாரம்பூ சர்க்கரைக்கு, செம்பருத்தி ரத்தக் கொதிப்புக்கு, தாமரை நெஞ்சுக்கு. ஆனால் உப்புச் சப்பில்லாத எழுத்து. “ஏதாவது மனசுல நிக்கிற மாதிரி ஒரு வரி போடுங்கம்மா” என்றார்.

பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

‘மாத்திரைக்கு விடை கொடுங்கள், பூவுக்கு வழி விடுங்கள்.’

பார்ட்டி இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். முதலாளிகூட எழுந்து வந்து பார்த்தார். அன்று சாயங்காலம் மை காயாத நோட்டீஸ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் முன் விரித்தேன். “இந்த வரி என்னுது மதினி” என்றேன். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். பிறகு அதை அடுப்படியில், உங்கள் மாத்திரை டப்பாவுக்கு மேலே சோற்றுப் பருக்கையால் ஒட்டினீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தை மாசம் ஒருநாள் டப்பாவைத் திறந்தபோது மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் இருந்தன. கேட்டேன்.

“நிப்பாட்டிட்டேன். காலையிலயும் சாயங்காலமும் ஆவாரம்பூவத்தான் குடிக்கேன். வயிறு கலக்கல. ஒடம்பு கலகலன்னு இருக்கு.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே மதினி.”

“வெளியாளு எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். எங்க வீட்டுப் பிள்ள எழுதினது பொய்யாவா இருக்கும்?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அது விற்பனைக்காகப் போட்ட வரி, எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது, ஓசைக்காக எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தொழிற்சாலைக்குப் போகாமல் மேஜைமுன் உட்கார்ந்து வேலை பார்க்கிற நம் குடும்பத்தின் முதல் ஆள் நான். படித்தவள். டப்பாவை மூடினேன்.

மாசி கடந்தது. நீங்கள் மெலிந்தீர்கள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறது என்று காட்டிச் சந்தோஷப்பட்டீர்கள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தீர்கள், வெயில் என்றீர்கள். ஊரில் நடந்த முகாமில் ரத்தம் பார்க்கப் போவதற்கு முதல் நாள் முழுக்கச் சாப்பிடாமல் வெறும் பூத்தண்ணீரோடு கிடந்தீர்கள். செவிலியர், “போன தடவைக்குக் கொஞ்சம் பரவாயில்ல. மாத்திரைய விட்டுராதீங்கம்மா” என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பங்குனி வெயிலில் நடந்ததை நீங்களே சிரித்துச் சொன்னீர்கள். வெடிமருந்து இருக்கிற இடத்தில் செருப்பு ஆகாது, உங்கள் ஷெட்டில் எல்லோரும் வெறுங்கால்தான். மதியம் கைகழுவப் போகும்போது மற்றப் பெண்கள் தரைச் சூடு தாங்காமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் கோயிலைச் சுற்றுவதுபோல நிதானமாக நடந்தீர்களாம்.

“ஒனக்கு மட்டும் சுடலையாக்கும்னு கேக்காளுக. ஆவாரம்பூ குளிர்ச்சிடி, ஒடம்புக்குள்ளயே நெழல் வச்ச மாதிரின்னு சொன்னேன்.”

அண்ணனும் சிரித்தார், நானும் சிரித்தேன். உங்கள் கால் செத்துக்கொண்டிருந்ததற்கு மூன்று பேரும் கூடிச் சிரித்தோம், மதினி.

நமக்கு வேறு பயம் இருந்தது. இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் இருக்கிற பயம். தூரத்தில் ‘தும்’ என்று கேட்டால் போதும், கையில் இருப்பது அப்படியே நிற்கும். அது கல்குவாரியா, கம்பெனியா, எந்தத் திசை என்று காது தேடும். வேன் நேரத்துக்கு வராவிட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். உங்களுக்கு வரப்போவது எதுவானாலும் அந்தத் திசையிலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தோம். எங்கள் கண் அங்கேயே இருந்தது.

ஆனி மாசம் அது கேட்டது. பிரஸ்ஸின் கண்ணாடி அதிர்ந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்தோம். நாரணாபுரம் பக்கம் வெள்ளையாகப் புகை எழுந்தது. அண்ணனுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. யாருடைய டூவீலரிலோ ஏறிப் போனேன். வழியெல்லாம் நான் என்ன வேண்டினேன் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கம்பெனி இல்லை. பக்கத்துக் கம்பெனி. சத்தம் கேட்டதும் நீங்களும் உங்கள் ஷெட்டுப் பெண்களும் வாசலுக்குப் போகாமல் பின்பக்கம் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓடியிருக்கிறீர்கள். ரோட்டோரத்தில் அண்ணன் உங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்திலும் கையிலும் மருந்தில் சேர்க்கிற வெள்ளிப்பொடி, தலை அவிழ்ந்து கிடந்தது. அண்ணன் உங்கள் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். “ஒண்ணுமில்லங்க, எனக்கு ஒண்ணுமில்ல, அழாதீக” என்று நீங்கள்தான் அவரைத் தேற்றினீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் உங்களைத் தொட்டுப் பார்த்தார்கள். தெய்வம் காத்தது என்றார்கள். நான் ஆவாரம்பூ போட்டுக் கொதிக்கவைத்துக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தீர்கள். உங்கள் தலையிலிருந்து தோள்வரை ஒரு காயம் இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்தோம். காலை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வீடு கூட்டும்போது தரையில் காய்ந்த ரத்தச் சொட்டுகள் வரிசையாகக் கிடந்தன. அடுப்படியிலிருந்து வாசல்வரை. யாருடையது என்று தெரியாமல் அதைத் தொடர்ந்து போனால் நீங்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில் கருவேல முள் ஒரு விரற்கடை உள்ளே போய் முறிந்திருந்தது. சுற்றிலும் ஊதா நிறம்.

“வலிக்கலையா மதினி?”

“இல்லையே. முள்ளா? எப்பம் குத்துச்சு?”

நீங்கள் அதிசயம் பார்ப்பதுபோலக் குனிந்து உங்கள் காலையே பார்த்தீர்கள்.

முள்ளை எடுத்தோம். மஞ்சள் வைத்துக் கட்டினீர்கள், குப்பைமேனி அரைத்து வைத்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு என்றால் ஆடி பிறக்கட்டும், சீசன் வேலை இருக்கிறது என்றீர்கள். காய்ச்சல் வந்து, கட்டுக்குள்ளிருந்து வாடை வந்த பிறகு அண்ணன் உங்களைத் தூக்கி வேனில் போட்டு விருதுநகருக்குக் கொண்டுபோனார். இரண்டு விரல் கறுத்திருந்தது.

டாக்டர் வயதில் சின்னவர். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “மாத்திரை போடுறீங்களாம்மா?” என்று கேட்டார்.

“ஆறு மாசமா இல்ல, சார். ஆவாரம்பூ குடிக்கேன்.”

அவர் கோபப்படவில்லை. “அதக் குடிச்சது தப்பில்லம்மா. எங்க வீட்லயும் குடிப்பாங்க. ஆனா மாத்திரையோட குடிச்சிருக்கணும். யாரு நிப்பாட்டச் சொன்னது?”

அண்ணன் உங்கள் தலைமாட்டில் நின்றார். நான் கால்மாட்டில். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“நானாத்தான் சார் நிப்பாட்டினேன். யாரும் சொல்லல.”

விரல்களை எடுத்தார்கள். பிறகு கணுக்கால்வரை எடுத்தார்கள். அதற்குள் நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். பேச முடிந்த கடைசி நாளில் என்னைக் குனியச் சொன்னீர்கள். “ஒங்கண்ணன்கிட்ட அந்த வரி ஒன்னோடதுன்னு சொல்லிராத. மனுசன் தாங்க மாட்டாரு” என்றீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருந்த, பிள்ள” என்றீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அடுப்படிச் சுவரிலிருந்து நோட்டீஸைச் சுரண்டி எடுத்தேன். அதோடு முடியவில்லை. போன வருஷம் விருதுநகரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் தினசரி காலண்டர் தொங்கியது. அன்றைய தாளின் அடியில் மருத்துவக் குறிப்பு. என் வரி. நாங்கள் அடித்த காலண்டர் இல்லை. யாரோ பார்த்து, பிடித்துப்போய், எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தாளைக் கிழித்துக் கையில் கசக்கிக்கொண்டேன். “ஏக்கா, இன்னிக்குத் தேதிய ஏன் கிழிக்கீக?” என்று கடைக்காரர் கேட்டார். அதே காலண்டர் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ. அதன் கீழே எத்தனை மாத்திரை டப்பாக்களோ.

திங்கட்கிழமை வந்தது அதே பார்ட்டிதான். அதே நோட்டீஸ், புது டிசைன். மத்தியானம் நேரில் வந்து உட்கார்ந்தார்.

“அந்த வரி மட்டும் பெருசா வரணும்மா. அதுக்குத்தான் சரக்கு போகுது.”

“அது வேண்டாம்ங்க. ‘டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்’னு போட்டுத் தாரேன்.”

“பூ விக்கிறவன் மாத்திரைக்கு விளம்பரம் போடுறதா?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து முதலாளி பக்கம் திரும்பினார். முதலாளி என்னைப் பார்த்தார். உங்கள் சாவுக்கு வந்து வாசலில் நின்றவர் அவர்.

“அது எங்க வீட்ல ஒரு உசுரக் கொண்டுபோயிருச்சுங்க. நான் எழுதின வரி. இனிமே என் கையால வராது” என்றேன். முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

முதலாளி பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பார்ட்டி சண்டை போடவில்லை. “சிவகாசியில பிரஸ்ஸுக்கா பஞ்சம்?” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உண்மைதான். வியாழக்கிழமை இரண்டு தெரு தள்ளி ஒரு பிரஸ் வாசலில் என் வரி ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். மஞ்சள் எழுத்தில், முன்னைவிடப் பெரிதாக.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிவிட்டேன், மதினி. உங்கள் சொல்லை மீறிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. “நீ எழுதின. அவ குடிச்சா. ரெண்டையும் நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்” என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கும் சர்க்கரை. சித்திரையில்தான் கண்டுபிடித்தார்கள். மாத்திரையை என் கையால் கொடுத்து, முழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். சின்னப் பிள்ளை மாதிரிக் காட்டுகிறார். கண்ணை மூடச் சொல்லி கால் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டு, தெரிகிறதா என்று பார்க்கச் செவிலியர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஞாயிறுதோறும் செய்கிறேன். என்னிடம் மிச்சமிருப்பது இந்த ஒரு வேலைதான், நான் எங்கே போனாலும் என் விரல் அதைக் கொண்டுபோகிறது. பஸ்ஸில் முன்னால் நிற்கிற பெண்ணின் வெறுங்காலைப் பார்த்தாலும் குனிந்து தொட்டுக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

இதை எழுதத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். கண்ணை மூடினார். கட்டைவிரலைத் தொட்டேன். “தெரியுது” என்றார். அடுத்ததற்கும் சொன்னார். சுண்டுவிரலைத் தொட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அழுத்தினேன். நகத்தால் கிள்ளினேன். “என்ன நிப்பாட்டிட்ட, தொடு” என்றார்.

நாளைக்கு பிரஸ்ஸுக்கு லீவு சொல்லியிருக்கிறேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.